வாகனம் கழுவிய தண்ணீர்

கற்பிட்டி வீதியோரத்தில் எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறது. நான் கடைசியாக வேலை பார்த்த இடம் அதுதான். ஓய்வு பெற்ற பிறகும் பின்னேரங்களில் அங்கே போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் இருந்தால் தேங்காய் திருவச் சொல்வார்கள்.

அப்படி ஒரு பின்னேரம், இப்போது அங்கே மோட்டர் பார்க்கும், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்வான் தன் கைபேசியை என் பக்கம் திருப்பினான். ஆப்கானிஸ்தானை விட்டு வெளிநாட்டுப் படை ஒரேயடியாகக் கிளம்புகிற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படையின் முகாம் ஒன்றில் நான் சில வருடங்கள் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்தது அவனுக்குத் தெரியும்.

"நானா, இத்தின வருசமா அங்க இருந்து இவங்க என்னதான் செஞ்சாங்க?"

"நான் அங்கிருந்து வரக்குள்ள வாகனம் கழுவிக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. வழக்கம்போல நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். பகிடி விடுகிற ஆள்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் இது பகிடியல்ல. ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதையும் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது மன்னாரில், மாமாவின் கடையில். பழுதான தண்ணீர் மோட்டர்களைக் கழற்றிப் பூட்டுவது வேலை. தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் முஸ்லிம்களான எங்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினோம். தென்னங் கிடுகுக் கொட்டில் கட்டித் தந்து, முன்னால் 'தற்காலிக முகாம்' என்று பலகை வைத்தார்கள். வருடங்கள் போய்ப் பலகையின் எழுத்து மங்கியது. யாரோ அக்கறையாகப் புதுப் பெயின்ட் வாங்கிவந்து மறுபடியும் 'தற்காலிக முகாம்' என்றே எழுதிவிட்டுப் போனார்.

அந்த முகாமில் முதல் கோடையிலேயே தண்ணீர்ச் சண்டை வந்தது. ஊர்க் கிணற்றில் நாங்களும் அள்ளியதால் கிணறு அடி கண்டுவிட்டது. ஊர்ப் பெண்கள் எங்கள் பெண்களைத் தடுத்தார்கள். என் தங்கையின் வாளியை ஒருத்தி பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். கடைசியில் பள்ளிவாசலில் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள். காலையில் ஊரார், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நாங்கள், இடையில் யாரும் வாளி போடாமல் கிணறு ஊற விட வேண்டும். அப்படித்தான் பல காலம் நடந்தது. வாளியை எறிந்த பெண்மணி பிறகு என் தங்கைக்கு மாமியாராகி, இன்றைக்கும் வாயாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறகு கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் குழாய்க் கிணறு இறக்கினேன். அந்த மணலில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உவர்த் தண்ணீரின் மேல் நிற்கிறது. மோட்டரை ஓய்வில்லாமல் ஓட்டினால் உவர் ஏறிவிடும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பெரிய வித்தை எதுவும் இல்லை. அதன்பிறகு வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் வேலை. கூட இருந்த பாகிஸ்தான்காரர்களிடம் உருதுவும் பழகிக்கொண்டேன். எங்கள் நாட்டில் சண்டை முடிந்து சில காலத்துக்குப் பிறகு, கம்பெனி என்னை ஆப்கானிஸ்தானுக்கு மாற்றியது. சொந்த நாட்டுச் சண்டை முடிந்த பிறகு முடியாத வேறொரு சண்டைக்குப் போனேன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

படை முகாம் ஒரு வறண்ட சமவெளியில் இருந்தது. ஒரு பக்கம் மொட்டை மலை. முகாமின் ஒரு மூலை மலையடிவாரத்தைத் தொட்டது, கீழே சரிவில் பாதாம் தோட்டங்களோடு ஒரு சிறு கிராமம். முகாமுக்குள் மூன்று ஆழ்துளைக் கிணறுகள். இறைப்பது, தாங்கியில் சேர்ப்பது, வடிகட்டுவது, குளோரின் கலப்பது, சோதிப்பது எல்லாம் எங்கள் பகுதியின் பொறுப்பு.

எங்கள் மேலதிகாரி ஹோல்டன். ஓய்வு பெற்ற கடற்படைக்காரர், படை வந்த நாட்டவர்தான், ஆனால் சிவிலியன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அழுத்தமானியைப் பார்க்கும்போது நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, முள் ஆடி நின்ற பிறகுதான் அது காட்டுவதை நம்புவார். மனிதர்களிடமும் அப்படித்தான். நாம் ஒன்றைச் சொன்னால் உடனே பதில் வராது. கொஞ்சம் பொறுத்து அதையே வேறு மாதிரி ஒருதரம் கேட்பார். நம் பதில் மாறவில்லை என்றால் ஏற்றுக்கொள்வார். அவரிடம் ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிக்காது. எதைச் செய்யச் சொன்னாலும் "இப்போதைக்கு" என்று சேர்த்துச் சொல்வார். இப்போதைக்கு இந்தக் குழாயைக் கயிற்றால் கட்டு, இப்போதைக்கு இந்தத் தாங்கியைச் சமாளி. நான் போன காலத்திலேயே அந்தக் கயிறு இற்று, வேறு கயிறு கட்டி, அதுவும் இற்றுக்கொண்டிருந்தது.

கிராமத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளர் ஹாஜி சமத். அந்த ஊரில் மலையடிவாரத்து ஊற்றிலிருந்து நிலத்துக்கடியில் சரிவாகச் சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். கரேஸ் என்பார்கள். மோட்டர் இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் தானாக நடந்துவரும். யார் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை அளக்க ஹாஜியிடம் ஒரு செப்புப் பாத்திரம் இருந்தது. அடியில் ஊசித் துளை. அதை ஒரு தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார். துளை வழியாக நிறைந்து அது மூழ்கினால் ஒருவரின் முறை முடிந்தது, அடுத்தவருக்கு வாய்க்காலைத் திருப்ப வேண்டும். அண்ணன் தம்பி கூட அந்தப் பாத்திரத்தோடு வழக்காடுவதில்லை.

ஹாஜி பல வருடம் பாகிஸ்தானில் அகதியாக இருந்தவர், உருது பேசுவார். அதனால் அவர் முகாம் வாசலுக்கு வரும்போதெல்லாம் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய உருதுவை இங்கே எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

நான் முதல்தரம் அவரைச் சந்தித்தபோது, புதிதாக வந்த ஒரு கப்டன் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேநீரை மரியாதையாக உறிஞ்சி, "உங்கள் கிராமத்துக்கு என்ன தேவை?" என்று கேட்டார்.

"ரெண்டாம் நம்பர் மோட்டர நிப்பாட்டுங்க" என்றார் ஹாஜி. "அது எங்கட ஊத்துக்குப் பக்கத்தால இரிக்கி. அது ஓட ஓட எங்கட கரேஸ்ல தண்ணி கொறையுது."

ஹோல்டனும் உட்கார்ந்திருந்தார். தாடியைத் தடவிக்கொண்டு, ஹாஜி சொல்வது சரி என்றார். படையின் பொறியியலாளர்கள் முதலிலேயே அளந்து பார்த்து அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். அறியாமல் நடந்த காரியம் எதுவும் அங்கே இல்லை. முகாம் கொஞ்ச காலத்துக்குத்தானே என்று அந்த இடத்திலேயே துளை போட்டார்கள், அவ்வளவுதான்.

கப்டன் நல்ல மனிதர். வியாழன் அசரிலிருந்து வெள்ளி அசர் வரை இரண்டாம் நம்பரை நிறுத்துவது என்று ஹாஜியோடு கைகுலுக்கி முடிவு செய்தார். எங்கள் கற்பிட்டி முகாமின் கிணற்று ஏற்பாடு எனக்கு ஞாபகம் வந்து, மனதுக்கு நிறைவாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கரேஸில் தண்ணீர் ஏறியது. ஹாஜி எனக்குப் பாதாம் கொண்டுவந்து தந்தார்.

பிறகு அந்தக் கப்டனின் படைப்பிரிவு ஊருக்குப் போனது, வேறொன்று வந்தது. கைமாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி, வாகனம், ஜெனரேற்றர், கூடாரத்து ஆணி வரை எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் காட்டி ஒப்படைப்பார்கள். கொடுத்த வாக்கை ஒப்படைக்கும் வழக்கம் இல்லை. முதல் வியாழக்கிழமை நான் மோட்டரை நிறுத்தப் போனேன், புதிய கப்டன் யார் அனுமதி என்று கேட்டார். ஹாஜி மறுபடியும் வந்தார். புதியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேநீரை உறிஞ்சி, "உங்கள் கிராமத்துக்கு என்ன தேவை?" என்றார்.

நான் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டார்கள். ஹாஜியின் பதில் மாறவே இல்லை. சிலர் கொஞ்ச நாள் மோட்டரை நிறுத்தினார்கள். சிலர் அதற்குப் பதில் கிராமத்து நடுவில் ஒரு கைப்பம்பு போட்டுத் தந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் அதே ஊற்றைத்தான் உறிஞ்சியது. எல்லாரும் தவறாமல் பிள்ளைகளுக்குக் கால்பந்து கொடுத்தார்கள். அந்தக் கிராமத்தில் பிள்ளைகளைவிடப் பந்துகள் அதிகம்.

"இவங்க கெட்டவங்க இல்ல" என்று ஹாஜி ஒருதரம் என்னிடம் சொன்னார். "ஆனா ஒவ்வொருத்தனுக்கும் நான் முதல்ல இருந்து சொல்ல வேண்டி இரிக்கி. அவன் வெளங்கிக்கிற நேரம் போயிர்றான். நான் கிழவனாகிட்டன், அவங்களுக்கு மட்டும் வயசு போறதே இல்ல."

அந்தப் படை அங்கே வந்தது சரியா பிழையா என்பதைப் படித்தவர்கள் பேசட்டும். நான் சொல்ல வருவது அது இருந்த விதத்தைப் பற்றி. கற்பிட்டிக்கு நாங்களும்தான் அழையாமல் வந்து அடுத்தவன் கிணற்றில் குடித்தோம். ஆனால் நாங்கள் துப்பாக்கியோடு வரவில்லை. எங்களோடு சண்டை பிடிக்க ஊராரால் முடிந்தது. வாளியை எறிந்தவளும் எறியப்பட்டவளும் மறுநாள் அதே கிணற்றடியில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் ஒரு வழி பிறந்தது. இந்தப் படையோ ஒரு தலைமுறை அளவுக்கு அங்கே இருந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகிறவனைப் போலவே நடந்தது. நாளைக்குப் போகிறவன் கூரையைத் திருத்தமாட்டான், கிணற்றை ஊற விடமாட்டான். அவன் வாளியைப் பிடுங்கி எறியவும் யாருக்கும் துணிவு வராது. எனக்கு அந்தப் படைமேல் உள்ள கோபம் இதுதான், இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு முகாமை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஹாஜி வாசலுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"பாதாம் பூக்கிற நேரம் மோட்டரெல்லாம் நின்டுரும் என்ன?"

"இன்ஷா அல்லாஹ், ஓம்" என்றேன். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தண்ணீர் குறைந்து குறைந்து, கிராமத்தில் பல தோட்டங்கள் ஏற்கெனவே விறகாகியிருந்தன. மீதி மரங்கள் அந்த வசந்தத்தில் பூத்துப் பிஞ்சு பிடித்தால் ஊர் தங்கும், இல்லாவிட்டால் எல்லாரும் நகரத்துக்குப் போய்க் கூலி வேலை தேட வேண்டும் என்று ஹாஜி சொல்லியிருந்தார்.

நாங்கள் இருவருமே கழுவும் வேலையை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு நாட்டு மண்ணில் வேறு நாட்டுப் பயிருக்கு ஆகாத விதை, பூச்சி, நோய் எல்லாம் இருக்கும். அதனால் திரும்பிப் போகும் வாகனம் எதிலும் அந்த நாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நல்ல சட்டம்தான், அவர்கள் விவசாயிக்கு. சுற்றுவட்டாரத்துச் சிறு முகாம்களின் வாகனங்களையும் எங்கள் முகாமுக்கே கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியில் எங்களிடம்தான் தண்ணீர் நன்றாக இருந்தது.

கழுவும் விதம் இது. முதலில் ஆசனம், மிதியடி, பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வெளியே அடுக்க வேண்டும். வாகனத்தைச் சாய்வு மேடையில் ஏற்றி, அடிப்பாகத்தை உயர் அழுத்தக் குழாயால் அடிக்க வேண்டும். டயரின் பள்ளங்களில் ஒட்டிய களியைத் திருப்புளியால் நோண்டி எடுக்க வேண்டும். கதவு இடுக்குக்கும் ஆணித் தலைக்கும் பல் துலக்கும் பிரஷ். பிறகு இன்னொரு அடி. அதன்பின் பரிசோதகர் முதுகை நிலத்தில் வைத்து உள்ளே ஊர்ந்துபோய், கைவிளக்கை அடித்து, விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் மண் பட்டால் அந்த வாகனம் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகும். ஒரு கவச வாகனம் கழுவச் செலவான தண்ணீரில் எங்கள் கற்பிட்டி முகாமின் கொட்டில்கள் எல்லாம் பல நாள் குடித்துக் குளித்திருக்கும். வரிசையோ வாசலைத் தாண்டி வீதியில் நின்றது.

மூன்று மோட்டர்களும் ஓய்வில்லாமல் ஓடின. பாதாம் பூத்தது. கரேஸ் நின்றது.

ஹாஜி வந்தார். இந்தத் தடவை கப்டன் தேநீருக்கு உட்காரவில்லை, போகிற அவசரம். ஹோல்டனும் நானும்தான் கழுவும் மேடைக்குப் பக்கத்தில் அவரோடு நின்றோம். ஹாஜி கொஞ்ச நேரம் ஒரு சிப்பாய் டயரைப் பிரஷால் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னத்துக்கு இப்பிடித் தேய்க்கிறாங்க?"

"உங்கட மண் அவங்கட நாட்டுக்குப் போயிரக் கூடாதாம்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹாஜி கோபப்படவில்லை. மேடையிலிருந்து வடிந்த சேறு ஒரு குழிக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார். "அப்ப மண்ண விட்டுட்டுத்தான் போறாங்க. தண்ணியத்தான் விட்டுட்டுப் போக மாட்டாங்க போல. அந்தக் குழித் தண்ணியயாவது எங்களுக்குத் தரச் சொல்லுங்க."

ஹோல்டன் கேட்டுவிட்டு, வழக்கம்போல் பொறுத்து, வேறு மாதிரி ஒருதரம் கேட்டார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டினார். அதில் எண்ணெயும் சவர்க்காரமும் கலந்திருந்தன. அப்படிப்பட்ட தண்ணீரைக் கிராமத்து நிலத்தில் விடுவது சூழலுக்குக் கேடு என்று அதற்கும் ஒரு சட்டம் இருந்தது.

"ரெண்டு நாள் ரெண்டாம் நம்பர நிப்பாட்டித் தாங்க" என்றார் ஹாஜி. "பிஞ்சு பிடிக்கிற அளவுக்குப் போதும். அதுக்குப் பொறகு நான் இந்த வாசலுக்கு வரவே மாட்டன்."

துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, தன்னால் முடியாது என்றார் ஹோல்டன். ஹாஜி திரும்பிப் போனார். அந்த வெள்ளிக்கிழமை ஹோல்டன் இரண்டாம் நம்பரின் அழுத்தமானிக்கு முன்னால் நின்று நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது சரியாகக் காட்டவில்லை. மோட்டரை நிறுத்திக் கழற்றிப் பார்."

"சேர், முள் சரியாகத்தான் நிற்கிறது" என்றேன்.

"கழற்றிப் பார்" என்றார். "இப்போதைக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஆணியையும் துடைத்து, எண்ணெய் போட்டு, வெயில் சாயும்வரை கழற்றினேன், பூட்டினேன். கழுவும் பக்கத்திலிருந்து ஆள் வந்து அழுத்தம் குறைகிறது என்று சத்தம் போட்டான். அதற்குமேல் இழுக்க முடியவில்லை. ஹோல்டன் என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அவ்வளவு பெரிய படையில் ஒரு நல்ல மனிதரால் தர முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமைப் பகல் மட்டும்தான், அதையும் பொய் சொல்லித்தான் தந்தார்.

அந்த ஒரு பகலில் ஊறிய தண்ணீர் ஊற்றை நனைத்தது. தோட்டம் வரை நடந்துவரவில்லை. பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு நிற்கவில்லை.

கழுவி முடித்த வாகனங்கள் அணியாகக் கிளம்பிய நாளில் நான் வாசலில் வழிக்குத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வழியில் மறுபடியும் புழுதி ஒட்டும்தான், துறைமுகத்தில் இன்னொரு முறை கழுவுவார்களாம். அணி போகும்வரை வேறு வாகனம் எதையும் வீதியில் விடவில்லை. ஓரத்தில் நிறுத்தப்பட்டவற்றில் ஒரு பழைய லொறி, அதன்மேல் கட்டில், கம்பளம், கோழிக் கூடு, பெண்கள், பிள்ளைகள். முன்னால் ஹாஜி சமத். காவலரிடம் கேட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"எங்க போறீங்க?"

"டவுனுக்கு. மச்சான் வீட்டுக்குப் பக்கத்தால ஒரு எடம் இரிக்கி." என்னைப் பார்த்தார். "உங்கட ஊர விட்டு வரக்குள்ள உங்கட வாப்பா பிள்ளையளுக்கு என்ன சொன்னார்?"

"கொஞ்ச நாளைக்குத்தான் போறம் என்டார்."

"நானும் அதத்தான் சொல்லி ஏத்தி இரிக்கன்" என்றார், லொறிக்கு மேலிருந்த பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

 கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல்களை நீட்டினேன். அவர் ஒரு போத்தலைத் திறந்து, மேலே இருந்த பேத்திக்குக் கொடுக்க ஒரு பாத்திரத்தை எடுத்து ஊற்றினார். அந்தச் செப்புப் பாத்திரம்தான். தொட்டியில் மிதந்து, மூழ்கி, ஊருக்கே முறை சொன்ன பாத்திரம். ஒழுகப்போகிறதே என்று நான் கையை நீட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை. அடித் துளையை ஈயம் வைத்து அடைத்திருந்தார்.